இடது காலுக்குச் சொன்ன பாடம்

உட்காரும் இடம் சரியாக அமைந்துவிட்டால் எந்த வேலையும் பாதி முடிந்த மாதிரிதான். நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள், சார். முன்கால் ஒன்று கட்டை. இதில் உட்கார்ந்து எழுதினால் கையெழுத்து கோணும். மடித்த காகிதம் ஒன்றை அடியில் கொடுத்திருக்கிறேன், இப்போது பரவாயில்லை.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுத் தெரு இறக்கத்தில் சுவரில் மோதிய கார் வழக்கில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பிரேக் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று. அவரை விட்டுவிடுங்கள். அந்த பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. வண்டி நிற்காமல் போனதற்குக் காரணம் நான். நான் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அந்தக் காரை ஓட்டியவர் என் அத்தான், என் அக்காவின் கணவர். காரில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி பூட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நாற்காலி என்றால் உங்களுக்குப் புரியாது. ரேஸ் கார் ஓட்டுவதுபோல வீட்டுக்குள் உட்கார்ந்தபடி ஓட்டுவதற்கு ஒரு சாதனம் இருக்கிறது. அலுமினியச் சட்டத்தில் ஒரு சீட், முன்னால் ஸ்டியரிங், கீழே பெடல், எதிரே பெரிய திரை. திரையில் ரோடு ஓடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருந்து, வளைவுகளில் கையைப் பிடித்து இழுக்கும். மணிக்கணக்காக ஓட்டலாம், எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். சிமுலேட்டர் என்பார்கள். அத்தான் அதை மரியாதையாக ‘காக்பிட்’ என்பார். அதை வைத்த அறைக்கு மட்டும் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ‘தம்பி ரூம்’ என்றே பெயர் இருந்தது. அது வரும்வரை அங்கே நான் இருந்தேன்.

அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அக்கா. கல்யாணமானபோது பெட்டி படுக்கையோடு என்னையும் சேர்த்து அத்தான் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அத்தான் முகம் சுளிக்கவில்லை. ஜன்னல் வைத்த முன்னறையை எனக்குக் கொடுத்தார். காக்பிட் வாங்குவது என்று முடிவானதும், “மாப்ள, நீ பகல்ல வீட்லயே இருக்கறதில்ல. உனக்கு எதுக்கு ஜன்னல்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் துணி துவைக்கும் மெஷின் இருக்கும் பின்பக்கத்துக்குப் போனேன். என் கட்டில் அங்கே நுழையாததால் ஒரு மடக்குக் கட்டில் வந்தது. மடக்குக் கட்டில் முதுகுக்கு நல்லது என்று அத்தான் சொன்னார். தன்னுடைய சீட்டுக்கு இடுப்புக்குத் தனி மெத்தை, தோளுக்குத் தனி மெத்தை என்று அவர் தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

அத்தான் ஒரு ஆபீஸில் பெரிய பொறுப்பில் இருப்பவர். காலையில் எங்கள் மேட்டுத் தெரு இறக்கத்தில் காரில் இறங்கிப் போவார், சாயங்காலம் அதே காரில் மேடேறி வருவார். அது தவிர அவர் உடம்புக்கு வேறு வேகம் தெரியாது. மாடி ஏறினால் நடுவில் நின்று போன் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவார். அப்படிப்பட்ட மனிதர் எங்கோ ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தார். அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஸ்டியரிங் பல்சக்கரத்தில் சுழன்றால் மட்டம், பெல்ட்டில் சுழன்றால் சுமார், மோட்டார் அச்சிலேயே நேராகப் பூட்டியதுதான் உத்தமம். மேஜை விளிம்பில் கவ்வ வைப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. மடக்கும் ஸ்டாண்டு ஆடும். சீட் சாயும் வகையா, சாயாத வகையா என்பதில் மட்டும் ஒரு மாதம் போனது. அக்காவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்வதற்கு அவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

“மாப்ள, உங்கிட்ட கேக்காம ஒண்ணும் வாங்க மாட்டேன்” என்று அவர்தான் சொன்னார். அக்காவும், “கார்லயே காலம் தள்ளுறவன் வீட்டுக்குள்ள இருக்கும்போது வெளிய எதுக்குப் போய்க் கேக்கணும்?” என்றாள். நானாகப் போய்த் தலையைக் கொடுக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானின் ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவர் கேட்டார். நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் அத்தான் பதில் சொல்லிவிட்டார்.

“எங்க மாப்ள கத்துக்குடுக்கறது வண்டி ஓட்டுறத இல்ல, நிறுத்துறத. அவன்கிட்ட படிச்சவங்க லைசென்ஸ் வாங்கிட்டு இன்னும் அவங்க வீட்டு வாசல்லயே நிக்கறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடியும் சிரித்தாள். நான் புண்படவில்லை. யோசித்துப் பார்த்தால் அது பாராட்டு. ஓட்டுவதை எவன் வேண்டுமானாலும் கற்றுக்கொள்வான், நிறுத்துவதுதான் படிப்பு. ஆனால் அக்கா அப்படிச் சிரிக்கிற பெண் இல்லை. அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது யார் என்று யோசித்தேன். அவள் அந்த வீட்டில் நிம்மதியாக இல்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அவளை அதிலிருந்து மீட்பது தம்பியின் கடமை என்றும் புரிந்தது.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடமாக நான் பார்ப்பது ரோட்டை இல்லை, அவர்கள் காலை. குறுக்கே ஒரு ஆள் வந்தால் மனிதனின் தலை லீவு போட்டுவிடும். கால் மட்டும்தான் வேலைக்கு வரும். அது எதைப் பழகியதோ அதைச் செய்யும். நல்லது கெட்டது பார்க்காது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலில்தான் பழக வேண்டும் என்று இல்லை. தினமும் விடாமல் செய்தால் எந்த வயதிலும் காலுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்கலாம்.

அத்தானின் கார் கையால் கியர் போட்டு ஓட்டுவது. இடது காலுக்கு கிளட்ச். வலது காலுக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும். கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகும். அதை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தால் வண்டி நிற்காது. இறக்கத்தில் அதுபாட்டுக்கு உருண்டு போகும். தானாக கியர் மாறும் கார் வாங்கலாமே என்று அக்கா ஒருமுறை கேட்டதற்கு, “அது ரிட்டயர் ஆனவங்க ஓட்டுறது” என்று அத்தான் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

பெடல் வாங்கக் கடைக்குப் போனபோது அத்தான் கையில் எடுத்தது மூன்று பெடல் உள்ள செட். கிளட்சும் சேர்ந்தது. கார் ஓட்டுகிறவர் கை இயல்பாக அதற்குத்தான் போகும்.

“இது எதுக்கு அத்தான்?” என்றேன். “பெரிய ரேஸ்காரங்க ஸ்டியரிங்லயே கியர் மாத்துறாங்க. கிளட்ச மிதிச்சுக்கிட்டு யாரும் வளைவுல போறதில்ல. வலது கால் ஆக்சிலேட்டர விட்டு நகராது. இடது கால்லதான் பிரேக்.”

“இடது கால்லயா?”

“ஆமா. வலது கால்ல பிரேக் பிடிக்கறது எங்கள மாதிரி ஆளுங்க.”

எங்களை மாதிரி ஆளுங்க என்றதும் மூன்று பெடலைக் கீழே வைத்துவிட்டார். இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. விளையாட்டில் தேறினவர்கள் இடது காலால்தான் பிரேக் பிடிக்கிறார்கள். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பூட்டியது முழுக்க நான். சட்டங்களைத் தரையில் பரப்பி, மூலைக்கு மூலை மட்டம் பார்த்து, கடைசியில்தான் திருகுகளை முறுக்க வேண்டும். முதலிலேயே முறுக்கினால் எல்லாம் கோணிக்கொள்ளும். அத்தான் செய்த உதவி, வீடியோவைச் சத்தமாக வைத்தது. நடுநடுவே கையுறையை மாட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டுக்குள் ஷூ போடக்கூடாது என்பது அக்காவின் சட்டம். ரேஸுக்கென்று மெல்லிய ஷூ ஒன்று வாங்கி, அதற்கு மட்டும் விதிவிலக்கு வாங்கிவிட்டார்.

பெடலைப் பொருத்துவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். டிரைவர் சீட்டிலிருந்து கிளட்ச் எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஸ்டியரிங் தண்டிலிருந்து எவ்வளவு இடது பக்கம் என்று எல்லாவற்றையும் அளந்தேன். காரில் கிளட்ச் எங்கே இருக்கிறதோ, காக்பிட்டில் பிரேக்கை மிகச் சரியாக அங்கே வைத்தேன். சீட்டின் சாய்வு, ஸ்டியரிங்கின் உயரம், எல்லாம் காரில் உள்ளபடி. பிரேக்குக்கு உள்ளே கெட்டியான ரப்பர் போட்டேன், மிதித்தால் முழுப் பலமும் கொடுத்து மிதிக்கிற மாதிரி. நல்ல வேலை, சார். நீங்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் அப்படியே இருக்கிறது.

அத்தான் உட்கார்ந்தார். காலை நீட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

“மாப்ள, என் கார்ல உக்காந்த மாதிரியே இருக்கு.”

“அதுக்குத்தான் அத்தான் அளந்தேன்.”

எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வீட்டில் எனக்காக ஒருவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது அவரை ரொம்பப் பிடித்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் பயிற்சி. ஊர் உலகத்தில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இணையத்தில் போட்டி போடுவார். கடைசி இடம், இல்லாவிட்டால் கடைசிக்கு முந்தின இடம். தோற்றால் டயர் சூடாகவில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம். அக்கா காபி கொண்டுவந்தால், ரேஸ் நடுவில் பெட்ரோல் போட வண்டியை ஓரங்கட்டுவதுபோல “பிட் ஸ்டாப்” என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை விடாமல் வாயை மட்டும் நீட்டுவார். அவளும் ஊட்டிவிடுவாள்.

நான் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தேன். என்னுடைய முறை எளிமையானது. அவர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, எதிர்பாராத நேரத்தில், காதருகே “ஆள்” என்பேன். உடனே இடது கால் பாய வேண்டும். முதலில் தாமதமாகப் போனது, சமயத்தில் வலது கால் குழம்பியது. நான் கோபப்படவே மாட்டேன். திரும்ப “ஆள்”. திரும்ப “ஆள்”. சில மாதங்களில், நான் உதட்டைப் பிரிப்பதற்குள் இடது கால் பிரேக்கை அழுத்திவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் எனக்கு இப்படி ஒரு மாணவர் கிடைத்ததில்லை. சமையலறையிலிருந்து அக்கா, “ரெண்டு பேரும் யாரையாவது இடிச்சுத் தொலைங்களேன், சாப்பாடு ஆறுது” என்று குரல் கொடுப்பாள்.

ஒருநாள் அத்தான் குளிக்கப் போயிருந்தபோது அக்காவே அதில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ஒரு மரத்தில் மோதினாள். மறுபடி கிளம்பி மறுபடியும் அதே மரம். கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்குச் சிரித்தாள். “பாவம்டா அவரு. ஆபீஸ்ல நாள் பூரா தலையாட்டிட்டு வர்றாரு. இங்கயாவது ஓட்டட்டும்” என்றாள். அந்தக் கண்ணீரை நான் கவனித்தேன். சிரிப்பதுபோல அழுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். கூடப் பிறந்தவனுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

பலன் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. முதலில் காரை உள்ளே விடும்போது கேட்டில் இடித்தார். அப்புறம் ஆபீஸ் வாசலில் பூந்தொட்டி ஒன்று போனது. இரண்டுக்கும் வெயில் கண்ணில் அடித்தது என்று காரணம் சொன்னார். கடைசியாக ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

“இன்னைக்கு சிக்னல்ல ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி போய் இடிச்சிருப்பேன். பிரேக்னு நெனச்சு கிளட்ச ஓங்கி மிதிச்சிட்டேன். என்னடா நிக்கலையேன்னு பாத்தா, தப்புக் கால். நல்லவேளை, கை பிரேக்கை இழுத்துட்டேன். காலுக்கு ரேஸ் பைத்தியம் புடிச்சிருச்சு மாப்ள.”

அக்கா சிரிக்கவில்லை. கையில் எடுத்ததைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“கொஞ்ச நாளைக்கு அதத் தொடாதீங்க. எனக்கு பயமா இருக்கு. தம்பி, நீ சொல்லுடா. இதெல்லாம் உனக்குத்தான தெரியும்?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மேஜையில் என் கருத்துக்காக எல்லோரும் காத்திருந்த நேரம் அது ஒன்றுதான். நான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

“புதுசா பழகறப்போ ஒருதடவை அப்படி ஆகும்க்கா. ரெண்டும் வேற வேறன்னு கால் தானா புரிஞ்சுக்கும். நிறுத்துனாத்தான் குழப்பம். தினமும் ஓட்டட்டும்.”

“நிஜமாத்தான் சொல்றியா?”

“நான் இதுக்குத்தானக்கா சம்பளம் வாங்கறேன்.”

அவள் நம்பிவிட்டாள். தட்டில் வைத்ததை மறுபடி எடுத்துச் சாப்பிட்டாள். அன்றைக்கும் அத்தான் கைகழுவிவிட்டுப் போய் ஒரு ரேஸ் ஓட்டினார். நான் பின்னால் நின்றேன்.

மறுநாள் காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் அடியில், கிடங்குச் சுவர் ஓரம் திரும்பும் வளைவில், குறுக்கே ஒரு சைக்கிள்காரர் வந்தார். அவர் தப்பித்துவிட்டார். அவர் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் எஞ்சின் அலறியது, ஆனால் வண்டி வேகம் குறையாமல் வந்தது என்று சொல்லியிருக்கிறார். மிகச் சரியான சாட்சி. இடது கால் கிளட்சில் தரைவரைக்கும், வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு நகராமல். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அத்தான் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எலும்பு முறிந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வார். நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “மிதிச்சேன் மாப்ள. என் பலம் பூரா குடுத்து மிதிச்சேன். பெடல் தரைவரைக்கும் போச்சு, பிடிக்கவே இல்ல” என்றார். உங்களிடமும் அதையேதான் சொன்னார். அதனால்தான் போன வாரம் பிரேக் வேலை பார்த்த மெக்கானிக்கை நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மோதலில் பிரேக் குழாய்களும் நசுங்கிப்போனதால் உங்கள் ஆட்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. அத்தான் பொய் சொல்லவில்லை, சார். தான் மிதித்தது பிரேக் என்று இந்த நிமிஷம்வரை நம்புகிறார். அந்த அளவுக்கு உறுதியாகப் பாடம் ஏறியிருக்கிறது.

ஒரு நிரபராதி உள்ளே இருப்பதைப் பொறுக்காமல்தான் வந்தேன் என்று உங்கள் ஏட்டு நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். அது ஒரு காரணம்தான். ஆனால் ‘பிரேக் கோளாறு’ என்று பேப்பரில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பிரேக்குக்குள் இருக்கும் ஒரு தேய்ந்த ரப்பர் வளையம் செய்த வேலையாம். மாதக்கணக்கில் ஒரு மனிதனின் காலுக்கு, ஒருநாள் விடாமல், கை ஓங்காமல், குரல் உயர்த்தாமல் பாடம் சொன்னேன். அதைக் கொண்டுபோய் ஒரு ரப்பர் கணக்கில் எழுதினால் எப்படி?

அன்றே நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. பழுத்துவிட்டது என்று தெரியும், எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும். விழும்போது அத்தான் ஒருவர்தான் வண்டியில் இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன், ஏனென்றால் அக்கா எப்போதும் பஸ்ஸில் போகிறவள். இது எல்லாமே அவளுக்காகச் செய்தது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதால் நோக்கம் மாறிவிடாது.

கடைசியாக ஒரு திருத்தம். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அக்கா உள்ளே இருப்பது தெரிந்தது என்று ஏட்டிடம் சொன்னேன். அது சரியில்லை. நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பையோடு வந்து, “கடைத்தெரு வரைக்கும் இவரோடயே போயிடறேன்டா” என்றாள். “பயமில்லையா?” என்று அத்தான் கிண்டல் செய்தார். “என் தம்பி கேரண்டி குடுத்திருக்கான், ஓட்டுங்க” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள். கூட ஓர் ஆள் ஏறினால் இறக்கத்தில் வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த ஆள் அக்கா என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்போதும் வண்டி கிளம்பவில்லை. அத்தான் முன்கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.